ஊர்தலும் எய்தலும்: இருசக்கர ஊர்தி, குறிபார்த்துச் சுடுதல் ஆகிய பொழுதுபோக்குகளில் தமிழ் வினைச்சொற்கள்

ஆய்வுச் சுருக்கம்

இருசக்கர ஊர்தியில் செல்லுதல், இலக்கைக் குறிபார்த்துச் சுடுதல் ஆகிய இரண்டும் இருபதாம் நூற்றாண்டில் தமிழரிடையே பரவலாக அறிமுகமான பொழுதுபோக்குகள். இவற்றோடு தமிழுக்குள் வந்த பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் கடன்சொற்களாகவோ புத்தாக்கச் சொற்களாகவோ அமைந்துள்ளன. ஆனால் இச்செயல்களைச் செய்வோர் கையாளும் வினைச்சொற்கள் தமிழின் பழைய வினைகளே. அவ்வினைகள் சங்க இலக்கியம் முதல் இன்றைய பேச்சு வழக்கு வரை அடைந்த பொருள் மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கலைச்சொல்லாக்கம் பெயர்களோடு நின்றுவிடுவதால் செய்முறை அறிவு எழுத்துத் தமிழில் இடம்பெறாமல் போகிறது என்பதையும் இது எடுத்துக்காட்டுகிறது.

திறவுச் சொற்கள்: பொழுதுபோக்கு, ஊர்தல், ஓட்டுதல், எய்தல், சுடுதல், பிழைத்தல், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

புதிய கருவி ஒன்று ஒரு மொழிச் சமூகத்திற்குள் வரும்போது அதன் பெயரும் உடன் வருகிறது. மொழியறிஞரின் கவனம் உடனடியாக அப்பெயரின் மீதே விழுகிறது. மோட்டார் சைக்கிளை எவ்வாறு அழைப்பது, ரைஃபிளுக்கு நிகரான தமிழ்ச்சொல் யாது என்னும் வினாக்கள் எழுகின்றன. உந்துருளி, விசையுந்து, ஈருருளி, துமுக்கி முதலிய சொற்கள் இவ்வினாக்களுக்கு விடையாகப் பிறந்தவை. இவற்றுள் உந்துருளி இலங்கைத் தமிழ்ச் செய்தி வழக்கில் நிலைபெற்றது. தமிழ்நாட்டு அலுவல் வழக்கில் 'இருசக்கர வாகனம்' என்பதும், பேச்சில் 'வண்டி', 'பைக்' என்பனவும் நிலைத்தன.

கருவியின் பெயரைத் தெரிந்துகொள்வதால் மட்டும் ஒருவர் அக்கருவியைக் கையாளக் கற்றுவிடுவதில்லை. கற்றல் என்பது செயலைச் சார்ந்தது. செயல் வினைச்சொல்லால் உணர்த்தப்படுகிறது. ஆகவே ஒரு பொழுதுபோக்கு தமிழில் எந்த அளவுக்கு வேரூன்றியுள்ளது என்பதை அறிய அதன் பெயர்ச்சொற்களைக் காட்டிலும் வினைச்சொற்களே தக்க சான்றாகும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதனை நிறுவுவதற்குச் சங்க இலக்கியம், தொல்காப்பியம், திருக்குறள், கம்பராமாயணம் ஆகியவற்றின் சொல்லாட்சிகளும் இன்றைய நாளிதழ், பேச்சு வழக்குகளும் தரவுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

பொழுதுபோக்கு என்னும் சொல்

இன்றைய தமிழில் திரைப்படம் பார்த்தலும், தபால்தலை சேகரித்தலும், மலைச்சாலையில் வண்டியில் செல்லுதலும் 'பொழுதுபோக்கு' என்னும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. பிறர் நிகழ்த்தக் காண்பதற்கும் தாமே முனைந்து பயில்வதற்கும் இடையிலான வேறுபாட்டை இச்சொல் காட்டுவதில்லை. பொழுதைப் போகச் செய்வது என்பதே இதன் நேர்ப்பொருள். இச்சொல்லில் பொழுது, கழிக்கப்பட வேண்டிய ஒரு சுமையாகத் தோன்றுகிறது.

பழைய இலக்கண மரபின் பார்வை இதனின்று வேறுபட்டது. தொல்காப்பியம் நிலத்தோடு பொழுதையும் முதற்பொருளாகக் கொள்கிறது. அங்குப் பொழுது என்பது வாழ்க்கை நிகழ்வதற்கான களம். விளையாட்டைப் பற்றிய அதன் கருத்தும் கவனத்திற்குரியது. மெய்ப்பாட்டியல், துன்பம் நீங்கிய உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைக்கிறது; செல்வம், புலன், புணர்வு ஆகியன ஏனைய மூன்று. உரியியலில் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கு விளையாட்டு எனப் பொருள் கூறப்படுகிறது. ஓரை, வண்டல், கழங்கு, பந்து, ஊசல், புனலாட்டு, வல்லு எனச் சங்க இலக்கியம் காட்டும் ஆடல்கள் பல.

இவ்விளையாட்டுகளுள் பெரும்பாலானவை 'ஆடுதல்' என்னும் வினையைக் கொண்டு முடிகின்றன. பந்தாடுதல், கழங்காடுதல், ஊசலாடுதல், புனலாடுதல், வல்லாடுதல் என இப்பட்டியல் நீள்கிறது. இன்றும் கிரிக்கெட் 'ஆடப்படுகிறது', சதுரங்கமும் 'ஆடப்படுகிறது'. ஆனால் வண்டியில் செல்லுதலும் சுடுதலும் 'ஆடுதல்' என்னும் வினையை ஏற்கவில்லை. ஒன்று பயணத்திலிருந்தும் மற்றொன்று வேட்டையிலிருந்தும் போரிலிருந்தும் கிளைத்து வந்தமையே இதற்குக் காரணம் எனலாம். இவை தொழிற்களத்தின் வினைகளை விளையாட்டுக் களத்திற்குள் கொண்டுவந்தன. எனவே இவ்வினைகளின் வரலாறு தனித்து ஆராயத்தக்கது.

ஊர்தலும் கடவுதலும்

சங்க இலக்கியத்தில் ஊர்தியோடு தொடர்புடைய இருவேறு செயல்கள் இருவேறு வினைகளால் குறிக்கப்படுகின்றன. தேரைச் செலுத்துபவன் பாகன் அல்லது வலவன். அவன் செயல் பெரும்பாலும் 'கடவுதல்' எனப்படுகிறது. வினைமுற்றி மீளும் முல்லைத்திணைத் தலைவன், தேரை விரைந்து கடவுமாறு பாகனிடம் கூறுவது பாடல்களில் பயின்று வருவது. இதற்கு மாறாக, ஊர்தியின் மீது அமர்ந்து செல்லும் செயல் 'ஊர்தல்' எனப்படுகிறது. களிறு ஊர்தல், மா ஊர்தல், மடல் ஊர்தல் என்பன இவ்வகையின. பனங்கருக்கால் ஆகிய குதிரையைத் தலைவன் தானே செலுத்துவதில்லை. பிறர் இழுக்க அதன் மீது அமர்ந்து வருவான். ஆயினும் அவன் செயல் 'ஊர்தல்' என்றே சுட்டப்படுகிறது. திருக்குறளின் 37ஆம் குறளில் பல்லக்கில் அமர்ந்து செல்பவனின் செயலும் இதே வினையால் குறிக்கப்படுகிறது. ஆகவே ஊர்தல் என்பது செலுத்தும் திறனை அன்று, மேலமர்ந்து இயங்கும் நிலையையே முதன்மையாக உணர்த்துவது என்பது பெறப்படும்.

இவ்வினையடியாகப் பிறந்த 'ஊர்தி' என்னும் பெயர் புறநானூற்றின் 27ஆம் பாடலிலேயே வருகிறது. வலவன் செலுத்தாமல் வானில் இயங்கும் ஊர்தி அங்குப் பேசப்படுகிறது. இப்பெயர் இருபதாம் நூற்றாண்டில் புத்துயிர் பெற்றது. பேரூர்தி, சரக்கூர்தி, வானூர்தி, ஊர்தி ஓட்டுநர் என இன்று வழங்குகிறது. ஆனால் வினையின் நிலை வேறு. ஊர்தல் என்பதற்குப் பழந்தமிழிலேயே மெல்ல நகர்தல் என்னும் பொருளும் உண்டு. இன்றைய வழக்கில் அப்பொருள் மட்டுமே எஞ்சியுள்ளது. எறும்பும் பாம்பும் ஊர்கின்றன. நெரிசலில் சிக்கிய வண்டியும் 'ஊர்ந்து' செல்கிறது. வேகமாகச் செல்லும் ஊர்தியில் இருப்பவர் 'ஊர்ந்தார்' என்று இன்று எழுதினால் அது நகைப்பை விளைவிக்கும். பெயர் மீண்டும் உயிர்பெற்றும் அதன் வினை மீளவில்லை.

ஊர்தலின் இடத்தையும் கடவுதலின் இடத்தையும் இன்று 'ஓட்டுதல்' என்னும் ஒரே வினை நிரப்புகிறது. இது 'ஓடு' என்னும் தன்வினையின் பிறவினை. ஒன்றை ஓடச் செய்தல் என்பது இதன் பொருள். மாட்டை ஓட்டினர், மாட்டுவண்டியை ஓட்டினர், பின்னர்ப் பேருந்தை ஓட்டினர். இவ்வினையில் ஓட்டுபவர் வேறு, ஓடுவது வேறு. மோட்டார் சைக்கிளின் தன்மையோ இதற்கு மாறுபட்டது. அதில் செல்பவரே வலவன், அவரே தலைவன். அவர் உடலின் சாய்வே வண்டியின் சாய்வு. குதிரைக்குக் 'குதிரையேற்றம்' என்னும் தனிச்சொல் இருப்பது போல, இருசக்கர ஊர்தியில் ஒன்றிச் செல்லும் பயிற்சிக்குத் தமிழில் தனிச்சொல் உருவாகவில்லை. இன்றைய இளைஞர் அன்றாடப் பணிக்குச் செல்வதை 'வண்டி ஓட்டுதல்' என்றும், விடுமுறை நாளில் விருப்பத்திற்காகச் செல்வதை 'ரைடு போதல்' என்றும் வேறுபடுத்திக் கூறுகின்றனர். இதனை ஆங்கில மோகம் என ஒதுக்கிவிடல் பொருந்தாது. 'ஊர்தல்' விட்டுச்சென்ற வெற்றிடமே இக்கடன்சொல்லை அழைத்துக்கொண்டது என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

கைவினைகளின் சொற்களஞ்சியம்

1955ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நிகழ்ந்த பந்தயங்களும், பின்னர் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும் வண்டியோட்டத்தை ஒரு விளையாட்டாக நிலைநிறுத்தின. இவ்வாறு வண்டி தமிழரின் கைக்கு வந்தபோது அதன் உறுப்புகள் கிளட்ச், கியர், பிரேக், ஆக்சிலேட்டர் எனக் கடன்பெயர்களோடு வந்தன. அவ்வுறுப்புகளைக் கையாளும் செயல்களோ தமிழ் வினைகளால் பெயரிடப்பட்டன.

வண்டியைக் காலால் 'உதைத்து' உயிர்ப்பிக்கின்றனர். கிளட்ச்சைப் 'பிடிக்கின்றனர்'; பின்பு மெல்ல 'விடுகின்றனர்'. ஆக்சிலேட்டரை 'முறுக்குகின்றனர்'. பின் பிரேக்கை 'மிதிக்கின்றனர்'. கைப்பிடியை 'ஒடிக்கின்றனர்', வளைவில் வண்டியைச் 'சாய்க்கின்றனர்'. முன்செல்வதை 'முந்துகின்றனர்', திடீரென விலகுவதை 'வெட்டுதல்' என்கின்றனர். இவ்வினைகள் ஒவ்வொன்றும் எவ்வுறுப்பால், எவ்வளவு விசையோடு, எவ்வகை அசைவால் செய்ய வேண்டும் என்பதைத் தன்னுள் அடக்கியுள்ளன. பிடித்தல் விரைவாக நிகழலாம்; விடுதலோ மெல்ல நிகழ வேண்டும். விரைந்து விட்டால் வண்டி துள்ளி நிற்கும்.

ஒடித்தலுக்கும் சாய்த்தலுக்கும் இடையிலான வேறுபாடு இன்னும் நுட்பமானது. மெதுவாகச் செல்லும் வண்டியைக் கைப்பிடியை ஒடித்துத் திருப்ப இயலும். வேகம் மிகும்போது இந்நிலை மாறுகிறது. வலப்புறம் திரும்ப வேண்டுமாயின் வலக் கைப்பிடியைச் சற்றே முன்னோக்கித் தள்ள வேண்டும். அப்போதுதான் வண்டி வலப்புறம் சாய்ந்து வளையும். வேகத்தில் 'ஒடிக்க' முனைபவர் விழ நேரும். 'சாய்க்க'த் தெரிந்தவர் வளைவைக் கடப்பார். பேச்சுத்தமிழ் இவ்விரு செயல்களுக்கும் இரு வினைகளை வைத்திருக்கிறது. எழுத்துத்தமிழோ பெரும்பாலும் 'திருப்புதல்' என்னும் ஒரே சொல்லோடு அமைகிறது. 'கிளட்ச்சைப் பயன்படுத்தவும்', 'பிரேக்கை இயக்கவும்' எனப் பொதுவினைகளால் எழுதப்படும் அறிவுரைத் தொடர்கள் மொழித்தூய்மையில் குறைந்தவை அல்ல. ஆனால் அவை கற்பவருக்கு எதனையும் கற்பிப்பதில்லை. உயிர்க்காப்போடு தொடர்புடைய அறிவு, பொதுவினையால் மறைக்கப்படுகிறது.

எய்தலிலிருந்து சுடுதலுக்கு

படைக்கலங்களை ஏவும் செயலுக்குப் பழந்தமிழில் கருவிக்கேற்ற வினைகள் அமைந்திருந்தன. அம்பு எய்யப்பட்டது, வேலும் கல்லும் எறியப்பட்டன. குறிஞ்சித்திணைப் பாடல்களில் தினைப்புனம் காப்போர் கவண் கொண்டு கல்லெறிந்தனர். அது அவர்களுக்குக் காவற்பணி. அதே செயலின் எச்சமாகச் சிறுவர் கையில் உண்டிவில்லும் கவட்டையும் விளையாட்டுக் கருவிகளாயின.

துப்பாக்கி வந்தபோது எய்தலும் எறிதலும் அதற்குப் பொருந்தவில்லை. நெருப்பின் தொடர்பால், எரித்தல் என்னும் பொருளுடைய 'சுடுதல்' அதன் வினையாயிற்று. துப்பாக்கி என்னும் பெயர் துருக்கிய மூலத்திலிருந்து வந்தது. பீரங்கி என்பது ஐரோப்பியரைக் குறித்த 'ஃபிரங்கி' என்பதன் வழிவந்தது. ஆனால் 'சுடு', 'குண்டு', 'குறி' ஆகியன தமிழே. துப்பாக்கியின் முடுக்கும் உறுப்பிற்குக் 'குதிரை' என்னும் பெயரும் வழங்கியது. யாழ், வீணை ஆகியவற்றின் உறுப்பிற்கும், இயந்திர ஆற்றலின் அளவாகிய குதிரைத்திறனுக்கும் இதே விலங்கின் பெயர் பயன்பட்டமை ஒப்புநோக்கத்தக்கது.

பொதுமக்கள் வழக்கு செய்துகொண்ட ஒரு நுட்பமான வேறுபாடு இங்குச் சுட்டத்தக்கது. 'சுடு' என்னும் வினையடியிலிருந்து இரு தொழிற்பெயர்கள் பிறக்கின்றன. முதனிலை திரிந்த தொழிற்பெயர் 'சூடு'. விகுதி பெற்ற தொழிற்பெயர் 'சுடுதல்'. நாளிதழ்களில் வன்முறை நிகழ்வும் காவல்துறை நடவடிக்கையும் 'துப்பாக்கிச்சூடு' எனப்படுகின்றன. விளையாட்டுப் போட்டியோ 'துப்பாக்கி சுடுதல்' எனப்படுகிறது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 'சுடுதலில்'. 'சூட்டில்' என்று எழுதப்படுவதில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றபோதும் இவ்வேறுபாடே பின்பற்றப்பட்டது. எந்தச் சொல்லாக்கக் குழுவின் துணையுமின்றி, இலக்கண வடிவ வேறுபாட்டைப் பயன்படுத்தி வன்முறையையும் விளையாட்டையும் மொழி வழக்கு பிரித்து வைத்துள்ளது. 'ஷூட்டிங்' என்னும் கடன்சொல் தமிழில் திரைப்படப் படப்பிடிப்பைக் குறிப்பதாகிவிட்டமையும் இப்பிரிவினைக்குத் துணைசெய்தது எனலாம்.

பிழைத்தல்: ஒரு வினையின் இரு முனைகள்

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 4.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குண்டு பயன்படுகிறது. ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர் மட்டுமே. மூச்சை அடக்குதல், குறியில் நிலைத்தல், விசையை மெல்ல அழுத்துதல் ஆகியன இப்பயிற்சியின் அடிப்படைகள். கதைகளில் 'விசையை இழுத்தான்', 'விசையை அழுத்தினான்' ஆகிய இரு தொடர்களும் காணப்படுகின்றன. பயிற்சியாளருக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. வெடுக்கென இழுத்தால் குழலின் முனை அசையும், குறி தவறும். படிப்படியாக அழுத்துவதே முறை.

குறி தவறுதலைக் குறிக்கும் தமிழ் வினைகள் ஆழ்ந்த ஆய்வுக்குரியன. திருக்குறளின் 772ஆம் குறள், காட்டு முயலை எய்து வீழ்த்திய அம்பை ஏந்துவதைவிட யானையின் மீது எறிந்து குறிதவறிய வேலை ஏந்துவது இனிது என்னும் கருத்தை உரைக்கிறது. அங்குக் குறி தவறுதல் 'பிழைத்தல்' என்னும் வினையால் சுட்டப்படுகிறது. இவ்வினைக்கே குற்றம் செய்தல் என்னும் பொருளும் உண்டு; உயிர் தப்புதல் என்னும் பொருளும் உண்டு. எய்தவன் பிழைத்தால் எய்யப்பட்டது பிழைக்கிறது. 'தப்பு' என்னும் சொல்லும் இவ்வாறே குற்றத்தையும் உயிர்மீட்சியையும் ஒருங்கே உணர்த்துகிறது. இப்பொருள்கள் தற்செயலாக அமைந்தவை எனக் கொள்வதைக் காட்டிலும், வேட்டைக் களத்தில் ஒரே நிகழ்ச்சியை இருவேறு முனைகளிலிருந்து நோக்கியதன் விளைவு எனக் கருத இடமுண்டு. எய்தவனின் குறையும் இலக்கின் வாழ்வும் ஒரே சொல்லில் பதிவாகியுள்ளன.

இலக்கு உயிரற்ற தாளாக மாறிவிட்ட விளையாட்டில் இந்த இரண்டாம் முனை மறைந்துவிடுகிறது. ஆனால் கருவியின் ஆற்றல் மறைவதில்லை. கம்பராமாயணத்தில் கூனியின் சினத்திற்கு வித்தாக அமைவது, இளமையில் இராமன் வில்லில் வைத்து அவள் மீது விளையாட்டாக எய்த உண்டை. அவ்விளையாட்டின் நினைவு அயோத்தியின் வரலாற்றையே மாற்றுகிறது. 'விளையாட்டு வினையாகும்' என்னும் மக்கள் வழக்கும் இவ்வுணர்வையே பேணுகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் இக்கவலையின் சட்ட வடிவங்களே.

துப்பாக்கிக்கும் வண்டிக்கும் உள்ள ஒரு வரலாற்றுத் தொடர்பு தமிழில் மறைந்துபோனதையும் குறிப்பிடலாம். இங்கிலாந்தின் என்ஃபீல்டு அரசுப் படைக்கலச் சாலைக்குத் துப்பாக்கி உறுப்புகள் செய்துகொடுத்ததால் ராயல் என்ஃபீல்டு அப்பெயரைப் பெற்றது. பீரங்கியே அதன் சின்னம். 1930களில் அது தன் வண்டிக்கு இட்ட 'புல்லட்' என்னும் பெயர் துப்பாக்கிக் குண்டைச் சுட்டுவது. தமிழில் குண்டு, தோட்டா என்னும் சொற்கள் முன்பே இருந்தமையால் 'புல்லட்' பெரிதும் வண்டியின் பெயராகவே நிலைத்தது. இரவற்பெயர் மொழிக்குள் நுழையும்போது தன் வரலாற்றை இழந்துவிடுவதற்கு இது தக்க சான்று.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. இருசக்கர ஊர்தி, துப்பாக்கி சுடுதல் ஆகிய பொழுதுபோக்குகளில் கருவிப் பெயர்கள் பெரும்பாலும் கடன்சொற்களாக இருப்பினும், செயலை உணர்த்தும் வினைகள் தமிழின் பழைய வினைகளே.

2. ஊர்தலின் பழம்பொருள் மறைந்து, ஓட்டுதல் அதன் இடத்தை முழுமையாக நிரப்பாத நிலையில்தான் 'ரைடு' என்னும் கடன்சொல் இடம்பெற்றது. பழைய சொல்லின் இழப்பும் கடன்பெறுதலுக்கு ஒரு காரணமாகிறது.

3. துப்பாக்கிச்சூடு, துப்பாக்கி சுடுதல் என்னும் வேறுபாடு, மக்கள் வழக்கின் இயல்பான சொல்லாக்கத் திறனுக்குச் சான்று.

4. பிழைத்தல், தப்புதல் ஆகிய வினைகள் செய்பவரையும் செயலுக்கு உள்ளாவதையும் ஒருங்கே நோக்கும் பழைய பார்வையைப் பேணிவருகின்றன.

5. கலைச்சொல் தொகுதிகள் பெயர்ச்சொற்களை மட்டும் பட்டியலிடுவதைத் தவிர்த்து, ஒவ்வொரு பெயரோடும் அது ஏற்கும் வினைகளையும் எடுத்துக்காட்டுத் தொடர்களோடு தருதல் வேண்டும். பிடித்தல், விடுதல், முறுக்குதல், சாய்த்தல், அழுத்துதல் முதலிய வினைகள் பணிமனைகளிலும் பயிற்சிக் களங்களிலும் வாழ்கின்றன. அவை எழுத்திலும் இடம்பெறும்போதுதான், இப்பொழுதுபோக்குகளை விழாமலும் பிறருக்குத் தீங்கு நேராமலும் தமிழ்வழியே ஒருவர் கற்க இயலும்.